வாசல் செடியின் முடிச்சுகள்

சென்ற வாரம் ஒரு மத்தியானம் நித்யா தொலைபேசியில் அழைத்தார். நான் ஓய்வு பெற்ற பிரிவில் இப்போது என் மேசையில் உட்கார்ந்திருப்பவர் அவர்.

"சார், ஒரு சின்ன சந்தேகங்க. குன்னூருக்குக் கீழ அந்தச் சரிவுல உங்க பழைய படத்துல ஒன்பது வீடு இருக்குது. இப்ப வந்த படத்துல ஒண்ணுகூடக் காணோம். வெப்பமும் நல்லா இறங்கியிருக்கு. கம்ப்யூட்டர் மரக்காடுன்னு சொல்லுது. 'வீடுகள் அகற்றப்பட்டன'ன்னு போட்டுறட்டுங்களா?"

"போட வேண்டாம்மா."

"ஏனுங்க சார்? இடிக்கலீங்களா?"

"எழுதி அனுப்புறேன்."

"ஒரு வரி போதுங்க சார்."

"ஒரு வரியில அடங்காது" என்றேன்.

பிறகு அலமாரியிலிருந்து பழைய நாட்குறிப்புகளை இறக்கினேன். எனக்குத் தேதிப் பைத்தியம் உண்டு. ஊட்டி சேரிங் கிராஸில் புதுக் கடை திறந்தால் கிழமையைக் குறித்துக்கொள்வேன். முதல் உறைபனி விழுந்த காலையைக் குறித்துக்கொள்வேன். பழைய மலைப் பயணக் குறிப்புகளையும் ஆவணத் தொகுதிகளையும் தேடிப் படித்து, அவற்றில் தேதி பிசகியிருந்தால் ஓரத்தில் பென்சிலால் திருத்துவேன். அப்படிப்பட்டவன் இந்தக் கட்டுரையில் ஓர் ஆண்டைக்கூடச் சொல்லப்போவதில்லை. சொன்னால் எந்தச் சரிவு, எந்தப் பட்டியல், யார் வீடு என்று கண்டுபிடித்துவிடலாம். அங்கே இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

நான் வரைவாளனாக வேலைக்குச் சேர்ந்தவன். முதல் பல ஆண்டுகள் மெழுகுத் தாளும் இந்திய மையும்தான். பிறகு கணினி வந்தது. சமவெளியில் இரண்டு மாதம் பயிற்சி கொடுத்து, செயற்கைக்கோள் படங்களை வாசிக்கக் கற்றுத்தந்து, ஊட்டிக்குத் திருப்பி அனுப்பினார்கள். பயிற்சியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. அங்கே எங்களுக்குக் காட்டிய படங்கள் எல்லாம் தட்டையான ஊர்கள்.

மலையில் அந்த வேலை வேறு மாதிரி. செயற்கைக்கோள் எங்கள் தலைக்கு மேல் காலை பத்தரை மணி வாக்கில் கடக்கும். அந்த நேரத்தில் மேகம் இருந்தால் படத்தில் மேகம்தான் இருக்கும். மழைக்காலம் முழுக்க அப்படித்தான். தையிலும் மாசியிலும் மட்டும் சில நாட்கள் வானம் கழுவிவிட்டதுபோல் தெளியும். அந்த ஒன்றிரண்டு படங்களை வைத்துத்தான் ஆண்டு முழுவதற்கும் பிழைப்பு. படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர் கொடுக்க வேண்டும்: தேயிலை, காடு, காய்கறி, கட்டடம், வெற்றுத் தரை. பனியில் கருகிய தேயிலை வெற்றுத் தரைபோல் தெரியும். கேரட் பிடுங்கிய படிக்கட்டு வயலைக் கணினி கட்டடம் என்று அடித்துச் சொல்லும். அதே படத்தின் இன்னொரு அடுக்கில் தரையின் சூடு பதிந்திருக்கும். காற்றின் சூட்டோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது தகரத்தின், தாரின், இலையின் மேல்தோல் எவ்வளவு சுடுகிறது என்பது மட்டுமே.

எங்களுக்குக் கொடுக்கப்பட்ட பணி, நகரம் எப்படிப் பரவியிருக்கிறது, பரவிய இடங்களில் சூடு எப்படி மாறியிருக்கிறது என்று பார்ப்பது. பதினாறு ஆண்டு இடைவெளியில் இரண்டு படங்களை எடுத்துக்கொண்டேன். இரண்டும் ஒரே மாதம், ஒரே மணி, இரண்டிலும் மேகம் இல்லை. அந்தப் பொருத்தத்தைக் கண்டுபிடித்த நாளில் நான் மனைவிக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு போனதாக நாட்குறிப்பு சொல்கிறது.

எங்கள் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் பத்மாவதி மேடம். ஈரோட்டுக்காரர். வருடம் முழுக்க ஒரே பழுப்பு ஸ்வெட்டர். அவருக்கு ஒரு திறமை உண்டு: வரைபடத்தைத் தலைகீழாக வாசிப்பார். எதிரே உட்கார்ந்திருப்பவர் தாளைத் திருப்ப வேண்டியதில்லை. நாம் விளக்கிக்கொண்டே இருப்போம். அவர் கையிலிருக்கும் எஃகு அளவுகோல் மெல்ல நகர்ந்துவந்து ஓரிடத்தில் நிற்கும். "இங்க நின்னு பாத்தீங்களா?" என்பார். பார்த்தேன் என்றால் அளவுகோல் நகரும். இல்லை என்றால் அங்கேயே கிடக்கும். அவர் யாரையும் தவறு என்று சொல்லி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் டீ சொல்வார். டீ வந்து, குடித்து, டம்ளர் திரும்பிப் போகும்வரை ஒரு வார்த்தை இருக்காது. அந்த ஐந்து நிமிடத்துக்கு, திட்டு வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

'நின்று பார்ப்பது' என்றால் அவருடைய முறைப்படி நிற்க வேண்டும். ஜீப்பை விட்டு இறங்க வேண்டும். நான்கு திசையிலும் நான்கு போட்டோ. ஜிபிஎஸ் கருவி நிலைபெறும்வரை அசையாமல் நிற்பது. வெப்பமானியை நிழலில், மார்பு உயரத்தில், ஐந்து நிமிடம் பிடித்த பிறகே வாசிப்பது. கூரையின் சூட்டுக்குத் துப்பாக்கிபோல் நீட்டிப் பார்க்கும் இன்னொரு கருவி இருந்தது. அதை நீட்டியதும் வீட்டுக்குள்ளிருந்து யாராவது, "சுட்டுறாதீங்க, நான் ஓட்டுப் போட்டுட்டேன்" என்பார்கள்.

அந்தச் சரிவில் மட்டும் நான் நிற்கவில்லை. நான் போன நாளில் மூடுபனி. கீழே இறங்கும் மண்பாதையில் ஜீப் போகாது என்று ஓட்டுநர் சொன்னார். எதிர்ப்பக்கத்து வளைவில் நிறுத்தி, பனி விலகிய இரண்டு நிமிடத்தில் பைனாகுலர் வழியாகப் பார்த்தேன். தேயிலைக்கு நடுவே ஒன்பது தகரக் கூரைகள் பளிச்சென்று தெரிந்தன. கணினி சொன்னது சரி. படிவத்தில் 'கட்டடம்' என்பதற்கு எதிரே டிக் போட்டேன். பழைய படத்தில் அதே இடம் அடர்பச்சை. ஆக, மரமும் தேயிலையுமாக இருந்த இடம் கட்டடமாகிவிட்டது, சூடும் கூடிவிட்டது. பரவும் நகரத்துக்குப் பாடப்புத்தகம்போல ஓர் உதாரணம். அறிக்கையில் அதைப் பெரிதாக்கி முதல் பக்கத்திலேயே வைத்தேன்.

அறிக்கை போன சில மாதங்களில் வேறொரு அலுவலகம் எங்கள் படத்தைக் கேட்டு வாங்கியது. கேட்டால் கொடுக்க வேண்டியதுதான். அவர்கள் அதை வைத்து, பழைய படத்துக்குப் பிறகு முளைத்த வீடுகள் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். பட்டியலில் உள்ளவற்றைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் போனது. எனக்கு இதெல்லாம் செல்வராணி வந்த பிறகுதான் தெரியும்.

அவர் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். கொழுந்து பறிப்பவர், ஒரு நாள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு குன்னூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். குழந்தையாக இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து பெற்றோரோடு கப்பலில் வந்தவர், கணவர் தவறிவிட்டார், ஒரு மகள் நர்ஸிங் படிக்கிறாள் என்பதெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்று கையில் நோட்டீஸும், அதோடு இணைத்திருந்த எங்கள் படத்தின் நகலும் இருந்தன.

"இந்தப் படத்த வரைஞ்சவங்க யாருங்க?"

"நான்தாங்க. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. "இதுல எங்க ஊடு எதுங்க?"

காட்டினேன். சிவப்புக் கட்டங்களில் மேலிருந்து இரண்டாவது.

"பழசுன்னு ஒண்ணு போட்டிருக்கே, அதுல?"

"அதுல இல்லீங்க. அப்ப அங்க மரமும் தேயிலையும்தான்."

அவர் அந்தப் பச்சையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப நான் எங்க இருந்தேன்?" என்றார். சண்டைக்குக் கேட்ட கேள்வியாக அது இல்லை. தேதிகளை நன்றாக அறிந்த ஒருவனிடம் விசாரிக்கிற மாதிரிதான் கேட்டார்.

பின்னாலிருந்து மேடத்தின் குரல் வந்தது. "மூணு டீ சொல்லுங்க."

டீ வந்தது. குடித்தோம். செல்வராணி டம்ளரை முகர்ந்து பார்த்து, "தூள் போட்டு நாலு மணி நேரம் கொதிச்சிருக்கு" என்றார். மேடம் சிரிக்கவில்லை. டம்ளர்கள் போயின. அளவுகோல் நகர்ந்துவந்து அந்தச் சிவப்பில் நின்றது.

"இங்க நின்னு பாத்தீங்களா?"

"எதிர் வளைவிலேர்ந்து பாத்தேன் மேடம். பனியா இருந்துச்சு."

"சரி. இப்ப வீடு இருக்குறதப் பாத்துட்டீங்க. அன்னைக்கு என்ன இருந்துச்சுன்னு யாரக் கேட்டீங்க?"

"படம் இருந்துச்சு மேடம்."

அளவுகோல் நகரவே இல்லை.

மறுநாள் அந்த மண்பாதையில் நடந்து இறங்கினேன். இருபது நிமிட நடை, அவ்வளவுதான். முதல் வீட்டை எட்டுவதற்கு முன்பே என் தவறு கண்ணில் பட்டது. வீடுகளுக்கு இடையிலும் பின்னாலும் வெட்டப்பட்ட சில்வர் ஓக் மரங்களின் அடிக்கட்டைகள். ஒவ்வொன்றும் ஒரு ஆள் கட்டிப்பிடிக்கும் பருமன். தோட்டத்துக்காரர்கள் மர வியாபாரிக்கு விற்றிருந்தார்கள். என் இரண்டாவது படத்துக்கு முந்தின வருடம்தான் வெட்டு நடந்திருந்தது. அதுவரை ஒன்பது கூரையும் கிளைகளுக்கு அடியில் இருந்தன. செயற்கைக்கோள் மரத்தின் உச்சியைத்தான் பார்க்கும். மரம் போனதும் வீடுகள் படத்தில் தோன்றிவிட்டன. நான் அதை வீடு பிறந்த தேதி என்று எழுதிவிட்டேன்.

ஆனால் அடிக்கட்டை மரம் இருந்ததற்குச் சாட்சி. வீடு இருந்ததற்கு அல்ல. ரேஷன் அட்டைகளில் எல்லோருக்கும் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் முகவரிதான் இருந்தது. மின்சாரம் வந்ததோ வெகு பின்னால். பழைய படத்தின் தேதிக்கு முன் இந்த வீடுகள் இருந்தன என்று காட்ட ஒரு காகிதமும் இல்லை.

செல்வராணியின் பக்கத்து வீட்டு முத்தையா நாங்கள் இருவரும் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கவாத்து வெட்டுகிறவர், அதாவது நாலு வருடத்துக்கு ஒரு முறை தேயிலைச் செடியின் தலையை வெட்டி மட்டம் செய்வதுதான் அவர் தொழில். செல்வராணி அவரை அண்ணே என்று கூப்பிட்டார்.

"தேதிதான வேணும் சாருக்கு?" என்றார் முத்தையா. "செடியக் கேளுங்க."

"அண்ணே, சாரு நேத்தே நொந்து போயிருக்காரு."

"நான் வெளையாடல தங்கச்சி. சார், இங்க குனியுங்க."

தேயிலை நிரையின் கடைசிச் செடி ஒன்றில் இலையை விலக்கிக் காட்டினார். ஒவ்வொரு கவாத்தும் முந்தின வெட்டுக்கு ஒரு விரல் மேலே விழும். வெட்டிய இடம் ஆறும்போது முட்டிபோல் ஒரு முடிச்சு விழும். அடியோடு ஒட்ட வெட்டிய பழைய வெட்டிலிருந்து எண்ணினால் அந்தச் செடியில் ஆறு முடிச்சுகள். அந்த மலையின் எண்பலகையில் கடைசிக் கவாத்து நடந்த ஆண்டு பெயின்ட்டில் எழுதியிருந்தது: இரண்டு வருடத்துக்கு முன். தேயிலைக் காட்டை அவர்கள் மலை என்றுதான் சொல்கிறார்கள், நாலாம் நம்பர் மலை, ஐந்தாம் நம்பர் மலை என்று. இங்கே நாலு வருடத்துக்கு ஒரு கவாத்து தவறியதே இல்லை என்று தோட்டத்து மேற்பார்வையாளரும் பிறகு உறுதி சொன்னார்.

"இப்ப இதப் பாருங்க." முத்தையா தன் வீட்டு வாசலுக்குப் போனார். படிக்கட்டுப் பக்கத்தில் ஒரு சிறு மரம்; இரண்டாள் உயரம், வெள்ளைப் பூ. தேயிலைதான். அங்கே குடியேறியவர்களுக்கு ஒரு வழக்கம்: வீட்டுக்காக நிரையை ஒதுக்கும்போது வாசலில் ஒரு செடியை மட்டும் பிடுங்காமல் விடுவார்கள். அதில் துணி காயும், ஆடு கட்டுவார்கள். வீட்டு வாசலுக்கு வந்துவிட்ட செடியைக் கவாத்துக் கத்தி தொடாது. அது மரமாகிவிடும்.

அந்த மரத்தின் அடியில் ஒரே ஒரு முடிச்சு இருந்தது.

நான் அடிப்படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆறாவது வெட்டு இரண்டு வருடத்துக்கு முன். அங்கிருந்து நாலு நாலாகப் பின்னே போனால் இரண்டாவது வெட்டு பதினெட்டு வருடத்துக்கு முன். அந்த இரண்டாவது வெட்டு விழும்போதே இந்தச் செடி வாசலுக்கு வந்துவிட்டது. என் பழைய படம் எடுத்தது பதினாறு வருடத்துக்கு முன். இரண்டு வருட மிச்சத்தில் அந்த வீடு தப்பியது. என் வாழ்நாளில் நான் சரிபார்த்த எந்தத் தேதியும் அவ்வளவு நிம்மதி கொடுத்ததில்லை.

வீடு வீடாகப் போனோம். ஒவ்வொரு வாசலிலும் நான் மண்டியிட்டு எண்ண, முத்தையா மறுபடி எண்ண, செல்வராணி மூன்றாவதாக விரல் வைத்து எண்ணினார். எட்டு வாசலிலும் ஒவ்வொரு முடிச்சு. போட்டோ எடுத்தேன், பக்கத்தில் அளவுகோலை வைத்து. ஒரு வீட்டில் செடி பட்டுப்போயிருந்தது. கட்டையில் முடிச்சு இருந்தது, போதும்.

ஒன்பதாவது செல்வராணியின் வீடு. அவர் எங்களைக் கடைசியாகத்தான் அங்கே அழைத்துப் போனார். நான் குனியும் முன்பே சொன்னார்.

"மூணு இருக்கும் சார்."

மூன்றுதான் இருந்தது. மூன்றாவது வெட்டு பதினாலு வருடத்துக்கு முன். அப்படியானால் அதுவரை அது நிரையில் நின்ற செடி. படம் எடுத்தபோது இந்த வீடு இல்லை.

நான் எழுந்திருக்கவில்லை. முத்தையா வேறெங்கோ பார்த்தார்.

"எழுதுங்க சார்" என்றார் செல்வராணி. "இத மறைச்சா மத்த எட்டையும் பொய்யும்பாங்க."

எழுதினேன். என் நாட்குறிப்பில் அந்தப் பக்கத்தில் பேனா அழுந்தி மறுபக்கம் தடம் விழுந்திருக்கிறது.

மேடம் ஒன்பது போட்டோக்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அரை மணி நேரம் ஆனது. தானே தாளில் நாலு நாலாகக் கழித்துப் பார்த்தார். ஒன்பதாவது வந்ததும் அளவுகோல் நின்றது. நான் முந்திக்கொண்டு, "நின்னு பாத்தேன் மேடம்" என்றேன்.

"தெரியுதுங்க. பேன்ட்டுல மண்ணு இருக்கு." பிறகு கேட்டார்: "ஏனுங்க, அந்தம்மா அதுக்கு முன்னாடி எங்க இருந்தாங்க?"

செடியைக் கேட்டேன், ஆளைக் கேட்கவில்லை. முதல் நாள் அந்த அம்மாவே என்னைக் கேட்ட கேள்வி அது. நான் டீ சொல்லட்டுமா என்று கேட்டேன். மேடம், "போய்ட்டு வந்து குடிக்கலாம்" என்றார். தானும் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

செல்வராணி காட்டிலிருந்து கூடையோடு வந்தார். மேடம் கேட்டதும் கீழே கையைக் காட்டினார். "அந்தா, அங்கதாங்க. ஒரு மழையில சாஞ்சு போச்சு. பொறகு எல்லாரும் சேந்து இங்க மேல கட்டிக் குடுத்தாங்க."

"நேத்து சொல்லலியே?" என்றேன்.

"இந்த ஊடு எப்பக் கட்டுனதுன்னுதான கேட்டீங்க. இடிஞ்ச ஊட்ட யாரு சேத்துக்குவாங்க?"

முத்தையா, "நீங்க கேக்கவே இல்லியே சார்" என்றார்.

இறங்கிப் போனோம். அறுபது அடி கீழே புதருக்குள் கருங்கல் அடித்தளமும் இரண்டு படிகளும் மிச்சமிருந்தன. படிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை மரம், கோழி ஒன்று அதன் அடியைக் கிளறிக்கொண்டிருந்தது. மேடம் கோழியை விரட்டிவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு தானே உட்கார்ந்து எண்ணினார். எண்ண ஒன்றும் இல்லை, ஒரே முடிச்சுதான்.

"இங்க போட்டோ எடுங்க" என்றார்.

பட்டியலிலிருந்து ஒன்பது வீடுகளும் நீக்கப்பட்டதாகக் கடிதம் வரப் பல வாரங்கள் ஆயின. வந்த அன்று எங்கள் அலுவலகத்தில் நல்ல டீ வந்தது; செல்வராணி ஒரு பொட்டலம் தூள் கொடுத்தனுப்பியிருந்தார். எனக்கு மெமோ எதுவும் வரவில்லை. அறிக்கையின் திருத்தத்தை மட்டும் என் கையால் எழுதச் சொன்னார் மேடம். அடையாளக் குறிகளில் புதிதாக ஒரு வகையைச் சேர்த்தோம்: 'மரத்தடி வீடு'. பச்சைக்குள் ஒரு சிவப்புப் புள்ளி. சூடு கூடியது உண்மைதான் என்பதால் அந்த எண்களை மாற்றவில்லை. காரணத்தை மாற்றினோம்: வீடு கட்டியதால் அல்ல, மரம் வெட்டியதால். அன்று அந்தக் கூரைகளுக்குக் கீழே பகலில் கைக்குழந்தைகளை வைத்திருக்க முடியவில்லை. கூரையை நோக்கிக் கருவியை நீட்டி, எண்ணைச் செல்வராணிக்குக் காட்டினேன். "இதுக்கு மிஷினு வேணுங்களா, தலைய உள்ள விட்டாத் தெரியுமே" என்றார். படிவத்தில் ஒரு புதிய பத்தியும் வந்தது: 'முன்பு இருந்ததைச் சொன்னவர் பெயர்'. அது நிரம்பாமல் எந்த மாற்றத்தையும் நான் ஓய்வு பெறும்வரை ஏற்கவில்லை.

நித்யா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்களோடு பேசி முடித்ததும் செல்வராணிக்குத்தான் போன் போட்டேன்.

"அம்மா, ஊடு இருக்குதுங்களா?"

"ஊட்டுக்குள்ள உக்காந்துதான பேசுறேன். ஏன் சார்?"

"படத்துல உங்கள மறுபடியும் காணோமாம்."

அவர் சிரித்தார். மரம் வெட்டிய அடுத்த மழைக்கே ஆளுக்கு நாலு முள்முருங்கைக் கிளையை வெட்டி, போத்தாக நட்டார்களாம். நடுவில் சில்வர் ஓக் கன்றுகள். இப்போது கூரைக்கு மேலே கிளை கோத்துவிட்டது. மகளின் குழந்தை மத்தியானம் உள்ளே தூங்குகிறது, குரலைத் தாழ்த்திப் பேசுகிறேன் என்றார். பிறகு கேட்டார், இந்த முறை நிஜமான கவலையோடு: "காணோம்னு எழுதிருவாங்களா சார்?"

"எழுத மாட்டாங்க. ஒரு பொண்ண அனுப்புறேன்."

ஆகவே நீங்கள் இறங்கிப் போக வேண்டும். ஜீப் போகாது, இருபது நிமிடம் நடை. நிழலில் ஐந்து நிமிடம் வெப்பமானியைப் பிடியுங்கள். அங்கே இப்போது எங்கு நின்றாலும் நிழல்தான். ஒன்பது வாசல்களையும் எண்ணிவிட்டு, பச்சைக்குள் ஒன்பது புள்ளிகள் வையுங்கள். சொன்னவர் பெயர் என்ற இடத்தில் செல்வராணி என்று எழுதுங்கள். டீ கொடுப்பார், குடித்துவிட்டே வாருங்கள்.